யோகச் செல்வர் ஸ்ரீமந் நாதமுனிகள்

வீரநாராயணபுரம் என்னும் காட்டுமன்னார்கோயிலில், ஆனித் திங்கள் அனுஷ நன்னாளில், ஈசுவரபட்டரின் திருக்குமாரராய்த் திருவவதரித்தவர் ஸ்ரீமந் நாதமுனிகள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தை மீட்டளித்த வள்ளலாக அவரை அறியாதார் இலர். யோகநெறியிலும் அவர் தலைசிறந்து விளங்கினார் என்பதையோ சிலரே நினைவிற் கொள்வர்.

யோகத்தின் எட்டு அங்கங்களுள் நான்காவது பிராணாயாமம். மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் ரேசகம். இவற்றை முறையே 16, 64, 32 மாத்திரையளவில் அமைப்பது மரபு. காற்று அடங்க மனமும் அடங்கும். அடங்கிய மனத்தில் எம்பெருமான் இனிது எழுந்தருள்வான். ஆயினும் இஃது ஆசிரியரிடம் அமர்ந்து படிப்படியாகக் கற்கத்தக்கதேயன்றித் தானே துணிந்து செய்யத்தக்கதன்று.

குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களைச் செவியுற்ற நாதமுனிகள், ஆயிரத்துள் எஞ்சியவற்றை நாடித் திருக்குருகூர் சென்றார். அங்கே திருப்புளியடியில் புலன்களை அடக்கி வீற்றிருந்து, கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 முறை ஓதினார். நம்மாழ்வார் அவருக்குக் காட்சி தந்து நாலாயிரத்தையும் பொருளுடன் அருளினார் என்பர் பெரியோர்.

பின்னர்த் தம் சீடர் இருவரிடமும் வேண்டுவது யாதெனக் கேட்டார். குருகைக்காவலப்பன் யோகத்தை விரும்பிப் பெற்றார். உய்யக்கொண்டாரோ, உலகம் துயரில் உழலத் தாம் மட்டும் இன்பம் நுகர்தல், துக்கவீட்டில் மணவிழாக் கொண்டாடுதல் போலாகும் என்று கருதி, அனைவரும் உய்யப் பிரபந்தப் பொருளையே வேண்டினார். அது கேட்டு ஆசாரியர் பெரிதும் உகந்தார்.

நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார், பிற்காலத்தில் யோகரகசியத்தைக் கற்க விழைந்து காவலப்பனை அடைந்தார். அவர் தாம் பரமபதிக்கும் நாளை முன்னரே குறித்துக் கொடுத்து, அதற்குள் வருமாறு பணித்தார். திருவனந்தபுர யாத்திரையில் இருந்த ஆளவந்தார் ஓலையை நோக்க, குறித்த நாள் அன்றேயாயிருந்தது! விரைந்து சேர வழியின்றி வருந்தினார். ஒருவர் நெஞ்சில் மட்டும் வைத்துக் காக்கப்பட்ட வித்தை அவரோடே மறைந்தது. பலர் நாவில் விதைக்கப்பட்ட பாசுரங்களோ இன்றும் திருவீதிகளில் ஒலிக்கின்றன.

நாதமுனிகள் இயற்றிய யோகரகசியம் என்னும் நூலும் கிடைக்காது போயிற்று. அவர் மரபில் வந்தவராகிய யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார் (1888–1989), அந்நூலை ஆழ்வார்திருநகரியில் யோகக்காட்சியில் தாம் பெற்றதாகக் கூறினார். மூச்சோடு இயைந்த ஆசனப் பயிற்சியை அவர் நெடுங்காலம் கற்பித்தார்.

சேவார்த்திகளே! சந்தியாவந்தனத்தில் அன்றாடம் செய்யும் பிராணாயாமத்தைப் பலர் மூக்கைத் தொட்டுவிட்டு விரைவிற் கடந்துவிடுகின்றனர். அக்கணத்திலேனும் சற்று நின்று, மூச்சைச் சீராக்கி, எம்பெருமானை நினைப்போமாக. அம்முறை அறியாதாரும் அமைந்த மூச்சுடன் ஒரு பாசுரத்தை ஓதலாம். யோகமும் பாசுரமும் ஒருங்கே வாய்த்த அம்முனிவரின் வழிக்கு அதுவே தொடக்கமாகும்.

நாதமுனிகள் திருவடிகளே சரணம்.