விழித்திரையைக் காட்டியவர்

1850ஆம் ஆண்டு வரை, உயிருள்ள மனிதரின் விழித்திரை மருத்துவர்க்கு எட்டாத பகுதியாகவே இருந்தது. பார்வை மங்கிவரும் முதியவரின் கண்ணை எவ்வளவு உற்று நோக்கினாலும் கருமையான கண்பாவை மட்டுமே தெரிந்தது. நோயின் இடத்தை, நோயாளி இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. அவ்விருளை விலக்கியவர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

பிரஷ்ய நாட்டின் போட்ஸ்டாம் நகரில், 1821 ஆகஸ்டு 31ஆம் நாள், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அவர் உள்ளம் இயற்பியலை நாடியது. குடும்ப வருவாயோ அதற்கு இடந்தரவில்லை. படித்து முடித்தபின் படை மருத்துவராகப் பணிபுரியும் உடன்பாட்டின்பேரில், அரசுச் செலவில் பெர்லினில் மருத்துவம் பயின்றார். படைப்பணிக் காலத்திலேயே, 1847இல், ஆற்றல் அழிவின்மை பற்றிய புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். 1849இல் கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார்.

கண்பாவை ஏன் கருமையாகத் தோன்றுகிறது? கண்ணுள் புகுந்த ஒளி, வந்த வழியே திரும்பி விளக்கையே சென்றடைகிறது. அவ்வழியில் கண்ணை வைத்துப் பார்க்க முயன்றால், பார்ப்பவரின் தலையே விளக்கை மறைத்துவிடும். மாணவர்க்கான விரிவுரையை ஆயத்தம் செய்கையில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இச்சிக்கலை எண்ணினார். அவர் கண்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்தார். பக்கத்து விளக்கின் ஒளியை அவை கண்ணுக்குள் திருப்பின. மீண்டு வந்த ஒளியின் ஒரு பகுதி தகடுகளை ஊடுருவிப் பார்ப்பவரை அடைந்தது. குழிலென்சு ஒன்று காட்சியைத் தெளிவாக்கியது. அட்டையும் பசையும் கொண்டு தாமே அமைத்த அக்கருவியின் வழியே, குருதி நாளங்கள் கிளைத்தோடும் விழித்திரையை அவர் கண்டார்.

1851இல் அதைப் பற்றிய நூல் வெளிவந்தது. நோயுற்ற கண்ணில் ஒளி பாய்ச்சுவது தீங்கென்று அஞ்சிய மருத்துவரும் உண்டு. கண் பழுதான மருத்துவர்க்கே அது பயன்படும் என்று ஒதுக்கியவரும் உண்டு. பெர்லினில் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே அதனை உவந்து ஏற்றார். கண் மருத்துவம் புதிய துறையாக வளர்ந்தது.

முதுமையில் சிலருக்கு, விழித்திரையின் நடுப்பகுதியாகிய மாகுலாவின் அடியில் புதிய நாளங்கள் முறைகேடாக முளைக்கின்றன. அவற்றினின்று கசியும் நீரும் குருதியும் நடுப்பார்வையைக் கெடுக்கின்றன; எதிரில் நிற்பவரின் முகமே மறைந்துபோகும். ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவி கசிவைக் காட்டும். அடியில் ஒளிந்த நாளத்தை எளிதில் காட்டாது. குருதியில் ஃபுளோரசின் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறை 1961இலும், விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. முறை 1991இலும் வெளியாயின. இன்று சாயமின்றியே, குருதியணுக்களின் அசைவைக் கொண்டு அந்நாளங்களைக் கருவி வரைந்து காட்டுகிறது. காலத்தே கண்டால், கண்ணுள் ஊசிமருந்து செலுத்திப் பார்வை இழப்பைத் தடுக்க இயலும்.

1871இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினில் இயற்பியல் பேராசிரியரானார். பொருளின்மையால் இளமையில் எட்டாத துறை, ஐம்பதை நெருங்கும் அகவையில் அவரை வந்தடைந்தது. மின்காந்த அலைகளை மெய்ப்பித்த ஹெர்ட்ஸ் அங்கே அவருடைய மாணவர். 1894 செப்டம்பர் 8ஆம் நாள் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலமானார்.