ராஜினாமாச் செய்த சித்திரக்காரர்

பதவி இல்லாதவன் பதவியிலிருப்போரைக் குறை கூறுதல் எளிது. அவனே பதவி பெற்றபின், தன்னைப் போல் முன்பு வாயிலில் நின்றவர்களுக்கு என்ன செய்தான் என்று பார்த்தல் வேண்டும். அவ்விதம் பார்க்குமிடத்து, பிரெஞ்சு தேசத்துச் சித்திரக்காரராகிய ஷார்ல் பிரான்ஸுவா தோபிஞியின் சரித்திரம் அரசியல் ஊழியர்களும் படிக்கத் தகுந்ததென்று நாம் கருதுகிறோம்.

தோபிஞி 1817-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையும் சித்திரக்காரரே. குழந்தைப் பருவத்தில் உவாஸ் நதியை அடுத்த வால்மொந்துவா கிராமத்தில் ஒரு செவிலித் தாயிடம் வளர்ந்தார். ஆற்றங்கரையின் மீது அன்று பற்றிய ஆசை அவரை இறுதிவரை விடவில்லை. வாலிபத்தில் பழைய படங்களைப் பழுது பார்த்துக் கூலி பெற்றார். சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு 1836-ல் இத்தாலி சென்று வந்தார். ஸர்க்கார் அளிக்கும் ரோமாபுரிப் பரிசுக்குப் போட்டியிட்டும், 1841-ல் ஒரு சம்பிரதாயத்தை அனுசரிக்கத் தவறியமையால் விலக்கப்பட்டார். அக்காலத்துக் கலைக்கழகத்தார் தேவர்களும் வீரர்களும் நின்றாலன்றி இயற்கைக் காட்சியை உயர்ந்த சித்திரமாக ஒப்புவதில்லை. வெறும் ஆறும் வானமும் அவர்கள் கண்ணுக்கு அற்பம்.

வயிற்றுப்பாட்டுக்காகத் தோபிஞி புத்தகங்களுக்குப் படம் எழுதினார்; செப்புத் தகட்டுச் சித்திரங்களும் செய்தார். இவ்வேலையின் முறை வருமாறு: தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைப் பரப்பி, அதில் ஊசியால் கோடு இழுப்பர். தகட்டைத் திராவகத்தில் இட்டால், பூச்சு நீங்கிய கோடுகளை மட்டும் திராவகம் அரிக்கும். அக்குழிகளில் மையை நிரப்பி ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாமாகையால், செல்வரல்லாதாரும் வாங்கக்கூடிய கலை இது. பிழைப்புக்காகக் கற்ற இத்தொழில் அவர் கையில் நாளடைவில் உயர்ந்த கலையாகவே ஆயிற்று.

1857-ல் அவர் ஒரு தட்டையான படகை வாங்கி, அதன்மேல் சிறு அறை கட்டி, அதையே சித்திரசாலை ஆக்கிக்கொண்டார். பொத்தேன் என்பது அதன் செல்லப் பெயர். மகன் கார்ல் படகுப் பையனாக உடன் வர, ஸேன், உவாஸ் நதிகளில் மிதந்துகொண்டே கண்ட காட்சியைக் கண்டவாறு தீட்டினார். இப்பிரயாணத்தைச் சொல்லும் செப்புத் தகட்டுச் சித்திரத் தொகுதி 1862-ல் வெளிவந்தது. பையன் கயிறு கட்டிப் படகை இழுக்கிறான்; நீராவிக் கப்பலின் அலையில் படகு தத்தளிக்கிறது; தூண்டிற்காரப் பையன் ஊர் திரும்புவதைக் கண்டு மீன்கள் களிக்கின்றன! தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கத் தெரிந்த மனிதர் தோபிஞி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

விமர்சகர்களோ எளிதில் திருப்தி அடையவில்லை. 1861-ல் கோத்தியே என்னும் பிரபல ஆசிரியர், தோபிஞி மனத்திற் பட்ட தோற்றத்தோடு நின்றுவிடுகிறார், விவரங்களை முற்றுவிப்பதில்லை என்று குறை கூறினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1874-ல், இளைஞர் கூட்டம் ஒன்றை ஏளனம் செய்யவும் இதே சொல் பயன்பட்டது. அவர்களே பின்னர் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று உலகப் புகழ் பெற்றனர்.

அவ்விளைஞர்களுக்குத் தோபிஞி செய்த உதவியே நாம் முக்கியமாகக் கூறவந்தது. பிரான்ஸில் சித்திரக்காரன் பெயரெடுப்பதற்கு ஸலோன் என்னும் ஸர்க்கார் கண்காட்சியை விட்டால் அக்காலத்தில் வேறு வழி அரிது. அதில் எந்தப் படம் இடம்பெறலாம் என்று தீர்மானிப்பவர் நடுவர் குழுவினர். 1866-ல் அக்குழுவில் அங்கத்தினரான தோபிஞி, ஸெஸான், ரெனுவார் ஆகியோருக்காக வாதாடித் தோற்றார். 1868-ல் மோனே, பிஸ்ஸாரோ முதலியோரின் படங்கள் உள்ளே நுழைந்தன. கதவைத் திறந்துவிட்டார் என்ற பழி அவர்மீது விழுந்தது. அதைப் பழி என்பானேன்? பட்டமென்றே நாம் சொல்வோம். 1870-ல் குழுவினர் மோனேயின் படங்களைத் தள்ளிவிட்டனர். தோபிஞி தம் ஸ்தானத்தை ராஜினாமாச் செய்தார். முதியவராகிய கோரோவும் உடன் விலகினார். மோனேக்கு அப்போது வயது இருபத்தொன்பது. அவரால் தோபிஞிக்கு ஆகவேண்டிய காரியம் ஏதும் இல்லை.

அவ்வாண்டே பிரஷ்யாவுடன் யுத்தம் மூண்டது. தோபிஞி லண்டனுக்குச் சென்றார். அங்கே கையில் காசின்றி இருந்த மோனேயைச் சந்தித்து, துராண் ருயெல் என்ற பாரிஸ் சித்திர வியாபாரிக்கு அறிமுகம் செய்துவைத்தார். உபகாரம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அந்த வியாபாரிதான் பல வருஷ காலம், கடனில் மூழ்கியும், இவ்விளைஞர்களின் படங்களை வாங்கி அவர்களைக் காத்தவர். மோனே பிறகு தாமும் ஒரு படகைச் சித்திரசாலையாக்கிக் கொண்டது வாசகர்களுக்கு வியப்பளிக்காது.

தோபிஞி 1878-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி பாரிஸில் காலமானார். உவாஸ் கரையில் ஓவேர் என்னும் ஊரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. கோரோவும் மற்றும் சில நண்பர்களும் அதன் சுவர்களைச் சித்திரங்களால் அலங்கரித்திருந்தனர். 1890-ல் அவ்வூருக்கு வந்த வான்கோ என்ற டச்சுச் சித்திரக்காரர், தோபிஞியின் விதவை வாழ்ந்து வந்த மனைத் தோட்டத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். அவர் உயிர் நீத்த மாதத்தில் தீட்டிய படங்களில் அத்தோட்டமும் ஒன்று.