சுற்றுவதையெல்லாம் கழற்றிப் பார்த்தவர்



நம்ம ஆரணித் தெருவில் விடியற்காலையில் ஒருநாள் நடந்து பாருங்கள். கோழி கூவுவதற்கு முன்பே ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் ராட்டை. அடுத்த வீட்டில் தார் சுற்றும் மோட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பட்டு முறுக்கும் மிஷின். பட்டுப்புடவை என்றால் எல்லோருக்கும் தறிதான் ஞாபகம் வரும். ஆனால் தறிக்கு வருவதற்கு முன்னால் அந்த நூல் எத்தனை ஆயிரம் சுற்று சுற்றி வருகிறது என்பது நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் உலகமே சுற்றலில்தான் நிற்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் இரவும் பகலும். பம்பரம் சுற்றும்வரை நிற்கும், சுற்றல் நின்றால் சாயும். நம் ஹாஸ்டல் மைதானத்தில் நண்பன் விரலால் முறுக்கிப் போடும் பந்து, தரையில் பட்டதும் திரும்பி ஸ்டம்பைச் சாய்க்கிறதே, அதுவும் சுற்றல்தான்! இப்படிச் சுற்றும் பொருள்கள் மீது வாழ்நாள் முழுவதும் ஆசை வைத்த ஒரு தமிழரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

அவரைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இரண்டாம் ஆண்டில் மின் இயந்திரங்கள் பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தது. விஷயம் தெரிந்ததும் மாமா வீட்டுக்கு வந்தார். ஜி.டி. நாயுடு படித்தா பெரிய ஆள் ஆனார், பையனைத் தறியில் உட்கார வை, நாலு காசாவது வரும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதே சமயம் எங்க வீட்டு மோட்டாருக்கும் ஒரு வியாதி. சுவிட்சைப் போட்டால் உர்ரென்று உறுமும், ஆனால் சுற்றாது. அம்மா சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளுவாங்க. உடனே ஓட ஆரம்பித்துவிடும். எத்தனை தார் சுற்ற வேண்டுமோ அத்தனை தடவை தள்ளணும். பெல்ட்டில் விரல் மாட்டிக்கொள்ளுமோ என்று தங்கை பயப்படுவாள். மின்னியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தும் இந்த நிலைமை!

மாமா சொன்னது உண்மையா என்று பார்ப்பதற்காகவே நூலகத்துக்குப் போனேன். நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு மோட்டார் சைக்கிள்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. இதுவரை மாமா சொன்னது சரிதான்.

இளைஞனாக இருந்தபோது ஒருநாள் வருவாய்த் துறையைச் சேர்ந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற இங்கிலாந்து மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், தானாகச் சுற்றி ஓடும் சக்கரத்தை நாயுடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்துப் பையனுக்கு அது எப்படிப்பட்ட அதிசயமாக இருந்திருக்கும்!

பார்த்த நாளிலிருந்து அந்த வண்டியின் நினைப்பாகவே இருந்தார். கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு போவோம். அவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பிஸ்டன் மேலும் கீழும் போகிறது, சக்கரம் மட்டும் வட்டமாகச் சுற்றுகிறது, இது எப்படி? கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிஸ்டனின் நேர் ஓட்டத்தைக் கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியாக மாற்றுவதை நாம் முதலாண்டில் படம் வரைந்து படித்தோம். அவர் தன் கையாலேயே தெரிந்துகொண்டார். அப்படியே மெக்கானிக்கும் ஆனார்.

பஸ் சக்கரம்

வாழ்க்கை அவருக்கு ஒரே ஏற்றமாக இருந்துவிடவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சம்பாதித்தார். பிறகு பம்பாய்க்குப் போய் அந்தப் பணத்தையெல்லாம் இழந்துவிட்டுத் திரும்பினார். ஒரு பாடத்தில் அரியர் விழுந்ததற்கே நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. சம்பாதித்ததெல்லாம் போன அந்த மனிதர் மறுபடியும் சக்கரத்தையே நம்பினார்.

கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு 1920இல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யூ.எம்.எஸ். என்று கொங்கு நாடெங்கும் பெயர் பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. முப்பதுகளில் அந்தக் கம்பெனியிடம் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் இருந்தன. பஸ்களைப் பழுது பார்க்கத் தொழிற்கூடம் வேண்டும் அல்லவா? அந்தத் தொழிற்கூடமே அவருக்குக் கல்லூரி ஆயிற்று என்றால் மிகையாகாது.

சுழலும் காந்தம்

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். கோயம்புத்தூரில் 1888லேயே பருத்தி நூற்பாலை வந்துவிட்டது. 1932இல் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வரத் தொடங்கியதும் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலையில் கதிர் சுற்ற மோட்டார் வேண்டும். தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைக்க மோட்டார் வேண்டும். ஆனால் மோட்டாரோ கப்பலில் வரவேண்டிய பொருள்!

1937இல் கோவை பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. இந்தப் பெருமையில் டி. பாலசுந்தரம் அவர்களுக்கும் பங்கு உண்டு. மோட்டாரை வடிவமைப்பதில் உழைத்த அவர்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நம் பக்கத்து விவசாயிகூடப் பம்பு செட் என்றால் கோயம்புத்தூர் சரக்கா என்று கேட்டு வாங்குகிறார். அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் இந்த இருவரும் உண்டு.

மோட்டார் செய்வது லேசான காரியமா? ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் கம்பிச் சுருள்களுக்குள் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்போது, இரும்பு அசையாமல் நிற்க, அதற்குள் காந்தப்புலம் மட்டும் சுழல்கிறது. நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் என்றால் அந்தப் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று போகும். ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டு 1440 சுற்று அளவில் ஓடும். எவ்வளவு ஓடினாலும் எட்டிப்பிடிக்காது. எட்டிப்பிடித்துவிட்டால் இழுக்கும் விசையே இல்லாமல் போய்விடும். இந்த இடைவெளிக்குத்தான் ஸ்லிப் என்று பெயர். தேர்வில் இரண்டு மார்க் கேள்வி!

நாயுடு பெரிய மோட்டாரோடு நிற்கவில்லை. உலர்ந்த பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மோட்டாரை வைத்து ரேசன்ட் என்ற முகச்சவர ரேசரை உருவாக்கினார். மின்சாரம் இல்லாத வீட்டுக்கு என்று மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி செய்தார். பழச்சாறு பிழியும் கருவி செய்தார். 1952இல் இரண்டு பேர் போகக்கூடிய சிறிய பெட்ரோல் காரை உருவாக்கி, இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்றார். ஆனால் அதைத் தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. அந்தச் சக்கரம் மட்டும் ஊர் ரோட்டுக்கு வராமலே நின்றுபோயிற்று.

மாமா சொல்லாமல் விட்டது

நண்பர்களே, கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். படிக்காமலே இவ்வளவும் செய்த நாயுடு, படிப்பு வேண்டாம் என்றா நினைத்தார்? இல்லவே இல்லை!

1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், அதோடு ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் உருவாக அவர்தான் காரணம். தம் பணத்தைக் கொடுத்தார். முதல்வர் பொறுப்பையும் தாமே ஏற்றார். அந்நாளைய சென்னை மாகாண கவர்னரின் பெயரைத் தாங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் ஒரு பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! நாம் படிக்கிற பாலிடெக்னிக் என்ற படிப்புக்குத் தமிழ்நாட்டில் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர். இது தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவருக்கு அரசாங்கத்தோடு வந்த சண்டை வேறு. நான்கு வருஷப் படிப்பு வீண், சரியாகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவருடைய வாதம். அன்றைய வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகிவிட்டார். இரண்டு வருஷம் போதுமா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மூன்று வருஷமே போதவில்லை! ஆனால் அவர் வெறுத்தது படிப்பை இல்லை, கை படாத படிப்பைத்தான் என்பது மட்டும் விளங்கியது.

1974 ஜனவரி 4ஆம் தேதி அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் மீது ஆசைப்பட்டவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம்தானே!

அம்மாவின் ஒரு தள்ளு

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வழக்கம்போல மோட்டாரைத் தள்ளிவிட்டாங்க. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் காந்தப்புலம் தானாகச் சுழலாது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு சம புலங்கள் போல இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் அந்த உறுமல். எந்தப் பக்கம் ஒரு தள்ளு கொடுக்கிறோமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அந்தத் தள்ளைக் கொடுப்பதற்குத்தான் தனியாக ஒரு சுருளும் கெபாசிட்டரும் வைக்கிறார்கள். இதைத்தான் நான் தேர்வில் தப்பும் தவறுமாக எழுதித் தோற்றேன். எங்க அம்மா பள்ளிக்கூடமே போகாமல், தினமும் தன் கையாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தாங்க!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கழற்றினேன். கெபாசிட்டர் உப்பிப் போயிருந்தது. அதே அளவு எழுதிய புதியதை எலக்ட்ரிகல் கடையில் வாங்கி வந்து மாட்டினேன். கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் யாரும் தொடாமலே சக்கரம் சுற்றியது. அம்மா தள்ளுவதற்கு நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டாங்க. அப்பா தறியில் இருந்து எழுந்து வந்து பார்த்தார். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பரீட்சைக் கட்டணத்தை என் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அரியர் பரீட்சை எழுதிவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. மாமா அடுத்த முறை வரும்போது, நாயுடு கட்டிய பாலிடெக்னிக்கைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டும்.

தோழர்களே! ஒர்க்‌ஷாப் நேரத்தில் ரெக்கார்டு நோட்டை நிரப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கும் ஒரு மிக்ஸியோ விசிறியோ இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். மறுபடியும் மாட்டுங்கள். சுற்றாததைச் சுற்ற வைக்கும் சந்தோஷம் எந்த மார்க்கிலும் கிடைக்காது. அந்தச் சந்தோஷத்தை நம் எல்லோருக்கும் முன்பே அனுபவித்துவிட்டுப் போனவர்தான் ஜி.டி. நாயுடு!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை