சோஜர்னர் ட்ரூத் அம்மையார்

அமெரிக்காவில் அடிமைமுறை தென்பகுதிக்கே உரியதாயிருந்தது என்று எண்ணுவோர் பலர். வடபகுதியாகிய நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், 1797ஆம் ஆண்டளவில் அடிமைப் பெற்றோருக்கு மகளாகப் பிறந்தவர் இவ்வம்மையார். இட்ட பெயர் இசபெல்லா. பேசிய மொழி டச்சு. ஒன்பது வயதளவில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டார். புதிய எசமானரின் ஆங்கில ஏவல் விளங்காமையால் அடியுண்டார்.

நியூயார்க்கில் அடிமைகள் 1827 ஜூலை 4ஆம் நாள் விடுதலை பெறுவர் எனச் சட்டம் வகுக்கப்பட்டிருந்தது. ஓராண்டு முன்னரே விடுவிப்பதாக வாக்களித்த பின்னைய எசமானர் சொல் தவறினார். அம்மையார் 1826இன் இறுதியில் கைக்குழந்தையுடன் விடியற்காலையில் வெளியேறினார்.

அதன் பின்னர் அவர் செய்ததே நம்மை வியக்கவைப்பது. ஐந்து வயது மகன் பீட்டர் சட்டத்திற்கு மாறாகத் தொலைவிலுள்ள அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். எழுத்தறியாத அத்தாய், அன்பர் சிலரின் துணையுடன் கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்தை நாடினார். 1828இல் மகன் மீண்டான். ஆனால் அச்சத்தால் நடுங்கிய அச்சிறுவன், இவர் தன் தாயே அல்லர் என்று முதலில் மறுத்தான். அவன் முதுகெங்கும் தழும்புகள். வெள்ளையரை எதிர்த்து வழக்காடி வென்ற கறுப்பினப் பெண்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

1843இல் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டார். புதிய பெயர், ஊர்தோறும் தங்கிச் செல்பவர் என்பதையும் உண்மை என்பதையும் சேர்த்துக் குறிப்பது. அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். அவர் சொல்ல ஆலிவ் கில்பர்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு 1850இல் வெளிவந்தது.

ஒஹையோவின் ஏக்ரன் நகரில் 1851இல் அவர் ஆற்றிய உரை பெரும்புகழ் பெற்றது. அதனை உடனிருந்து கேட்ட மரியஸ் ராபின்சன் அடுத்த மாதமே அச்சிட்டார். எனினும் பலர் அறிந்திருப்பது, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பிரான்சஸ் கேஜ் அம்மையார் வெளியிட்ட வடிவத்தையே. அது தென்பகுதிக் கொச்சைமொழியில் அமைந்தது. டச்சு பேசி வளர்ந்தவரிடம் அந்நடை எங்ஙனம் வரும்? ஐந்து மக்களின் தாய்க்கு அதில் பதின்மூன்று மக்கள்! நல்லெண்ணத்துடன் செய்ததாயினும், ஒருவர் குரலை மற்றொருவர் மாற்றியது மாற்றியதே.

1864இல் குடியரசுத் தலைவர் லிங்கனைச் சந்தித்தார். 1883இல் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் காலமானார். முதுமையில், பின்னல் ஊசியும் நூலும் ஏந்திய தம் புகைப்படங்களை விற்றே வாழ்க்கைச் செலவை ஈடுசெய்தார். அப்படங்களின் உரிமையை மட்டும் பிறரிடம் விடாது, 1864இல் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார்.