சட்டைப்பைக்குள் நுழைந்த கேமரா: யார் இந்த மைட்டானி?

போனை எடுத்தோமா, ஒரு கிளிக் தட்டினோமானு இன்று வேலை முடிந்துவிடுகிறது. வெளிச்சக் கணக்கை போனே பார்த்துக்கொள்கிறது. பிலிம் ரோல் காலத்திலேயே இந்த வசதியைச் சட்டைப்பை அளவுக்குச் சுருக்கிக் காட்டியவர், ஜப்பானைச் சேர்ந்த யோஷிஹிசா மைட்டானி.

தொழிற்சாலையே கைவிரித்தது

1933-ல் ககாவா மாகாணத்தில் பிறந்தவர். வசேதா பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் முடித்து, 1956-ல் ஒலிம்பஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 6,000 யென்னுக்கு ஒரு நல்ல கேமரா என்பது அவரே வைத்துக்கொண்ட இலக்கு. விலையைக் குறைக்கணும்னா முதலில் லென்ஸில்தான் கைவைப்பார்கள். மைட்டானி அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற பாகங்களை எளிமையாக்கினார். இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று சொந்தத் தொழிற்சாலையே ஒதுங்கியதால், வெளியே கொடுத்துத் தயாரிக்க வேண்டியதானது.

1959-ல் வந்த அந்த 'ஒலிம்பஸ் பென்', 36 படங்களுக்கான ரோலில் 72 படங்கள் எடுத்தது. செம ஹிட்! பென் வரிசையின் மொத்த விற்பனை 1.7 கோடியைத் தாண்டியது. 1972-ல் எடை குறைந்த எஸ்எல்ஆர் கேமராவான ஓஎம்-1 வந்தது. அதையும் வடிவமைத்தவர் இவரே.

எக்ஸ்ஏ: அப்படி என்ன ஸ்பெஷல்?

எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும், தேவைப்படும் நேரத்தில் அது வீட்டில் கிடந்தால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு மைட்டானி தந்த பதில்தான் 1979-ல் வெளியான 'ஒலிம்பஸ் எக்ஸ்ஏ'. லென்ஸுக்குத் தனி மூடி கிடையாது, தனி உறையும் தேவையில்லை. முன்பக்க மூடியை நகர்த்தினால் கேமரா ரெடி. போகஸ் செய்யும்போதும் லென்ஸ் வெளியே நீளாது.

அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளியளவு திறப்பை, நாம் தேர்வு செய்ய வேண்டும். முன்பக்க சென்சார் வெளிச்சத்தை அளக்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் முடிவு செய்யும். பட்டப்பகலில் விநாடியில் 500-ல் ஒரு பங்கு, இருட்டில் 10 விநாடி வரைகூடப் போகும். ஒரே சிக்கல், பேட்டரி தீர்ந்தால் படம் எடுக்க முடியாது.

கடைசி ஆண்டு

1996-ல் ஓய்வுபெற்ற மைட்டானி, 2009 ஜூலை 30 அன்று 76 வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஒலிம்பஸ் தனது புதிய டிஜிட்டல் கேமராவை அறிமுகம் செய்திருந்தது. அதற்கு வைத்த பெயர், அரை நூற்றாண்டுக்கு முன் சொந்தத் தொழிற்சாலையே தயாரிக்க மறுத்த அதே 'பென்'.