தீவுக்குக் குடிபோன 'ட்ரெஷர் ஐலேண்ட்' எழுத்தாளர்: சமோவாவில் ஸ்டீவன்சன் எப்படி வாழ்ந்தார்?

வேலை, டிராஃபிக், டென்ஷன் எல்லாத்தையும் விட்டுட்டு ஏதாவது ஒரு தீவுல போய் செட்டில் ஆகிடலாமா என்று ஒருமுறையாவது நினைக்காதவர்கள் குறைவு. 130 வருடங்களுக்கு முன்பே அதை நிஜமாகச் செய்தவர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 'ட்ரெஷர் ஐலேண்ட்' எழுதியபோது அவர் எந்த வெப்பமண்டலத் தீவையும் பார்த்ததே இல்லை. பிறகு உயிர் பிழைக்க ஒரு தீவுக்கே குடிபோனார்.

ஏன் போனார்?

1850-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். கலங்கரை விளக்கம் கட்டும் இன்ஜினீயர்கள் குடும்பம். சின்ன வயதிலிருந்தே நுரையீரல் கோளாறு. பெரியவரான பிறகு பலமுறை இருமலில் ரத்தம் வந்தது. சொந்த ஊர்க் குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் இடம் தேடி ஃபிரான்ஸ், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று அலைந்தார்.

1888-ல் 'காஸ்கோ' என்ற பாய்மரக் கப்பலை வாடகைக்கு எடுத்து, மனைவி ஃபேனி, அம்மா என்று குடும்பத்தோடு சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக் கடலுக்குக் கிளம்பினார். வெதுவெதுப்பான கடல் காற்றில் உடம்பு தேறியது. 1889 டிசம்பரில் சமோவா வந்தார். அடுத்த வருடம் சிட்னிக்குப் போனால், மறுபடியும் படுத்த படுக்கை! இனி குளிர் நாட்டுக்குத் திரும்ப முடியாது என்பது அப்போதுதான் உறுதியானது.

காடு, களை, கடன் பயம்

உபோலு தீவில், அபியா நகரத்துக்கு மேலே மலைச்சரிவில் 300 ஏக்கருக்கு மேல் காடு வாங்கினார். இடத்தின் பெயர் வைலிமா. வீடு எழும்பும் வரை சின்னக் குடில்தான். ஆரம்பத்தில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்த நாட்களும் உண்டு.

ஈரமும் வெயிலும் சேர்ந்த மண்ணில் வெட்டிய களை வெட்டிய வேகத்திலேயே மறுபடி முளைக்கும். படுக்கையில் எழுதிப் பழகிய மனிதர், கத்தியோடு களை எடுக்கக் காட்டுக்குள் இறங்கினார். ஃபேனி காய்கறியும் கொக்கோவும் பயிரிட்டார். ஊர்க் கடிதங்களுக்கு மாதம் ஒரு கப்பலை எதிர்பார்க்க வேண்டும்.

குடும்பம், வேலையாட்கள், கட்டுமானம் என எல்லாச் செலவும் அவர் பேனாவை நம்பியே நடந்தது. உடம்பு சரியில்லை என்றாலும் எழுதியே ஆக வேண்டும்.

ஊர் நினைப்பும் விடவில்லை. குளிரே இல்லாத ஊரில், வீட்டுக்குள் குளிர்காய ஒரு கணப்படுப்பு கட்டிக்கொண்டார்! 'கேட்ரியோனா' மாதிரி ஸ்காட்லாந்துக் கதைகளையும் அங்கே இருந்துகொண்டேதான் எழுதினார்.

'துசிதாலா' ஆனது எப்படி?

அவர் சமோவா மொழி கற்றார். குப்பிக்குள் அடைபட்ட பூதம் பற்றி அவர் எழுதிய கதை 1891-ல் சமோவா மொழியில் வெளியானது. அவ்வளவு பெரிய வீடு கட்ட அந்தப் பூதம்தான் காசு கொடுத்தது என்று சிலர் நம்பியதாகச் சொல்வார்கள். கதை சொல்பவர் என்ற பொருளில் 'துசிதாலா' என்று ஊர் அவரை அழைத்தது.

அரசியலுக்குள் ஏன் நுழைந்தார்?

அப்போது சமோவாவின் விவகாரங்களை நடத்தியது ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகள். அவை லாவ்பெபாவை அரசராக ஏற்றன. மட்டாஃபா என்ற தலைவர் அவருக்குப் போட்டி. வெள்ளைக்கார அதிகாரிகளின் நிர்வாகம் மோசம் என்று ஸ்டீவன்சன் லண்டன் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். 1892-ல் தனிப் புத்தகமே போட்டார். தீவைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அவரைப் பொறுத்தவரை வெளியேற்றம் என்றால் குளிர். குளிர் என்றால் மரணம். தெரிந்தேதான் எழுதினார்.

1893 போரில் மட்டாஃபா தோற்று நாடு கடத்தப்பட்டார். அவர் பக்கம் நின்ற தலைவர்கள் அபியா சிறையில் அடைபட்டார்கள். ஸ்டீவன்சன் குடும்பத்தோடு சிறைக்கே போய் அவர்களைப் பார்த்தார். உணவும் பரிசுகளும் கொடுத்தார்.

1894-ல் விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் நேராக வைலிமாவுக்கு வந்தார்கள். கூலி வாங்காமல், பிரதான சாலையிலிருந்து அவர் வீடு வரை தங்கள் கையாலேயே பாதை போட்டுக் கொடுத்தார்கள். 'அன்பு இதயங்களின் பாதை' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். அக்டோபரில் பாதை முடிந்தது.

கடைசி நாள்

1894 டிசம்பர் 3 மாலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வாழ்நாள் முழுக்க நுரையீரலுக்குப் பயந்தவரைக் கொண்டுபோனது மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு. வயது 44.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வயேயா மலை உச்சியில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே போகப் பாதை கிடையாது. சமோவா மக்கள் உடனே கத்திகளோடு திரண்டு, செங்குத்தான காட்டை வெட்டி வழி செய்தார்கள். மறுநாள் உடலைத் தோளில் சுமந்து உச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

வைலிமா வீடு இப்போது மியூசியம். அங்கே அவர் வாழ்ந்தது நாலே வருடம்தான். ஸ்காட்லாந்துக்கு அவர் திரும்பவே இல்லை; அவர் சமாதி இன்றும் அந்த மலை உச்சியில்தான் இருக்கிறது.