ஒரே ஒரு கட்டில் முதல் சிஎம்சி வரை: நன்கொடையாளர்களை 40 வருடம் கைவிடாத ஐடா ஸ்கடர்

ஒரு நல்ல காரியத்துக்கு முதல் முறை பணம் கேட்பது சுலபம். கேட்பவர் முகத்தைப் பார்த்தே சிலர் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் சிக்கல். போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு என்ற கேள்வி வரும். மூன்றாவது முறை போனால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் கொடுத்தது ஒன்றுக்கு, நீங்கள் செய்வது வேறொன்றா?

இன்று ஆப் வழியாக ஐந்து நிமிடத்தில் நன்கொடை திரட்டுகிறவர்களுக்கும் இதே கேள்விதான். நூறு வருடத்துக்கு முன்பு, கப்பலில் கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில், இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்கப் போராடியவர் வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர். ஒரு கட்டில் போட்ட அறையில் தொடங்கியது அவருடைய மருத்துவப் பணி. அது மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தபோது, அவருக்குக் கிடைத்ததும் உண்டு, இழந்ததும் உண்டு.

யார் இந்த ஐடா?

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா சோஃபியா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி மருத்துவர்கள் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் முதலில் இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியிலும், பிறகு சென்னையிலும் மருத்துவம் பார்த்தவர். அப்பாவும் மருத்துவர்.

ஆனால் ஐடாவுக்கு இந்த வாழ்க்கையில் துளியும் விருப்பம் இல்லை. சின்ன வயதில் 1870-களின் பெரும் பஞ்சத்தை நேரில் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் படித்தவர் அங்கேயே இருந்துவிடத்தான் நினைத்தார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வர, கொஞ்ச நாள் துணைக்கு இருக்கலாம் என்று திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரு இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் இருந்தார்கள். மூவருமே ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவரான அப்பாவை அனுப்புவதாகச் சொன்னபோது, அந்நிய ஆணை உள்ளே விட முடியாது என்று திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த ஒரு இரவு ஐடாவின் முடிவை மாற்றியது. அமெரிக்கா திரும்பி, பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-ல் பட்டம் பெற்றார்.

பக்கத்து அறையில் இருந்த முதல் நன்கொடையாளர்

ஊர் திரும்பும் முன் அவருக்கு ஒரு வேலை தரப்பட்டது. வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டணும். கப்பல் ஏற அதிக நாள் இல்லை.

நியூயார்க்கில் மிஷன் மகளிர் சங்கத் தலைவியான ஹேரியட் டேபர் வீட்டுக்குப் போய்த் திண்டிவனத்து இரவைப் பற்றியும், வேலூரின் தேவையைப் பற்றியும் பேசினார் ஐடா. பக்கத்து அறையில் இருந்த ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் ஹேரியட்டின் மைத்துனர், வங்கித் தலைவர் ராபர்ட் ஷெல். மறுநாள் ஐடாவை வரச்சொல்லித் துருவித் துருவிக் கேள்வி கேட்டவர், கேட்ட தொகையைவிட அதிகமாக 10,000 டாலர் கொடுத்தார். மறைந்த தன் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் மருத்துவமனை அமைய வேண்டும் என்பது மட்டும்தான் அவர் விருப்பம்.

நன்கொடை உலகில் இது மிகப் பழைய உண்மை. பெரும்பாலும் மக்கள் கட்டடத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. ஒரு நினைவுக்கு, ஒரு முகத்துக்கு, ஒரு கதைக்குத்தான் கொடுக்கிறார்கள். திண்டிவனத்து இரவின் கதையை ஐடா அதன்பின் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1900-ல் வேலூரில் ஒரு சின்ன அறையில், ஒரே கட்டிலோடு வேலை தொடங்கியது. வந்த சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். கைபிடித்துச் சொல்லித்தர ஆள் இல்லாத நிலையிலும், இரண்டு வருடத்தில் சுமார் 5,000 நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. கொடுத்த பணம் கண்ணுக்குத் தெரிகிற கட்டடமாக மூன்று வருடத்துக்குள் எழுந்து நின்றது. அடுத்த முறை கேட்பதற்கு இதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

மருத்துவமனைக்குக் கொடுத்தோம், பள்ளி எதுக்கு?

கட்டடம் வந்ததும்தான் உண்மையான தேவை தெரிந்தது. ஐடா ஒருவர். வேலூரைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிராமங்கள். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். அதுவும் போதவில்லை. இந்தியப் பெண்களே மருத்துவர்களாக வந்தால்தான் திண்டிவனத்து இரவு மறுபடி நடக்காது என்ற இடத்துக்கு அவர் வந்துசேர்ந்தார்.

நன்கொடையாளர் பக்கத்தில் நின்று பார்த்தால் இது பெரிய தாவல். மருத்துவமனை என்றால் ஒரு முறை கட்டிவிட்டு நடத்தலாம். மருத்துவப் பள்ளி என்றால் வருடா வருடம் ஆசிரியர், ஆய்வகம், விடுதி என்று செலவுக்கு முடிவே இல்லை.

அரசுத் தரப்பிலும் நம்பிக்கை குறைவுதான். பெண்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்று நினைத்த அதிகாரிகள், ஆறு பேராவது கிடைத்தால் தொடங்கலாம் என்றார்கள். 1918-ல் வந்த விண்ணப்பங்கள் 151. ஆகஸ்ட் மாதம் வகுப்புகள் தொடங்கின. முதல் அரசுத் தேர்வில் மாகாணம் முழுவதும் ஆண்களில் ஐந்தில் ஒருவர்தான் தேறினார். வேலூர் பெண்கள் 14 பேரும் தேறினார்கள்.

இந்த 14 என்ற எண் ஐடாவுக்குக் கிடைத்த பெரிய பரிசு. பழைய கதை ஏன் உதவி வேண்டும் என்று சொன்னது. புதிய எண் உதவியால் என்ன நடந்தது என்று காட்டியது. இரண்டும் சேர்ந்து போனால்தான் ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார்.

சிறு தொகை, பெரும் கூட்டம்

இந்தக் கட்டத்தில் முக்கியமாக வருபவர் லூசி பீபடி. கணவரோடு சென்னையில் சில வருடங்கள் மிஷனரியாக இருந்தவர். 1886-ல் கணவர் இறந்ததும் அமெரிக்கா திரும்பி, பெண்கள் சங்கங்களை ஒருங்கிணைப்பதில் கைதேர்ந்தவர் ஆனார். 1920-களின் தொடக்கத்தில் ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக ஒரு பெரிய நிதி இயக்கத்தை நடத்தினார். வேலூர் மருத்துவப் பள்ளியும், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் அடக்கம்.

ராக்ஃபெல்லர் குடும்பத்தின் லாரா ஸ்பெல்மேன் ராக்ஃபெல்லர் நினைவு நிதி ஒரு நிபந்தனை போட்டது. பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், தாங்கள் 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது. இன்று மேட்சிங் கிராண்ட் என்று சொல்கிறோமே, அதே முறைதான். ஐடாவும் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசினார். தேவாலயப் பெண்கள் சங்கங்களிலிருந்து சிறுசிறு தொகையாகப் பணம் வந்தது. இலக்கு நிறைவேறியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு ஷெல் கொடுத்த 10,000 டாலருக்கு ஒரு ஷெல்லிடம் பதில் சொன்னால் போதும். ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்று, இரண்டு டாலராகக் கொடுத்தால் அத்தனை பேரும் பங்காளிகள். அவர்கள் கொடுத்தது பெண்களுக்காகப் பெண்கள் நடத்தும் மருத்துவக் கல்விக்கு. இந்த உறவு வேலூருக்குப் பெரும் பலம். பின்னாளில் அதுவே பெரும் சுமையும் ஆனது.

ஐடாவின் தோழி கெர்ட்ரூட் டாட் இன்னொரு வகை நன்கொடையாளர். நியூயார்க்கின் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், 1916-ல் சொந்தச் செலவில் வேலூருக்கே வந்து தங்கிவிட்டார். பல மாணவிகளின் படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டார். தூரத்தில் இருந்து காசோலை அனுப்புகிறவரைவிட, பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்குச் சந்தேகம் குறைவு.

பணம் வரும் வழியையும் ஐடா ஒரே சபையோடு நிறுத்தவில்லை. பள்ளி தொடக்கத்திலிருந்தே பல சபைகளின் கூட்டு முயற்சி. ஒரு சபைக்கு வருமானம் குறைந்தாலும் மற்றவை தாங்கும். புது மருத்துவமனை வேலூர் நகருக்குள் எழுந்தது. பாகாயத்தில் 200 ஏக்கரில் கல்லூரி வளாகம் 1932-ல் தயாரானது.

70 வயதைத் தாண்டி மறுபடியும் கப்பல்

எல்லாம் நிலைபெற்றது என்று நினைக்கும்போது இடி விழுந்தது. 1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு, டிப்ளமோ தரும் மருத்துவப் பள்ளிகள் இனி வேண்டாம், சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகள்தான் வேண்டும் என்று முடிவெடுத்தது. மருத்துவக் கல்வியின் தரம் உயர வேண்டும் என்ற நோக்கில் அது நியாயமான முடிவு. ஆனால் வேலூருக்கு அதன் பொருள்: உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், புதிய ஆய்வகங்கள். இல்லையென்றால் கதவை மூட வேண்டியதுதான்.

1941-ல், 70 வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்கா கிளம்பினார். உலகப்போர் காலம். அங்கேயும் எல்லாப் பணமும் போருக்கே போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றினார். எம்பிபிஎஸ் வகுப்புகளுக்கு 1942-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் பணத்தேவை குறையவில்லை.

பழைய வாக்கா, புதிய தேவையா?

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வேலூரை ஆண்களும் பெண்களும் படிக்கும் கல்லூரியாக மாற்றினால் இன்னும் பல சபைகள் பணமும் ஆட்களும் தரத் தயாராக இருந்தன. பெண்களுக்கு மட்டும் என்றால் அந்தக் கதவு திறக்காது.

லூசி பீபடி இதைக் கடுமையாக எதிர்த்தார். அவர் வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பெண்களுக்கென்று சொல்லித் திரட்டிய பணம் அது. கொடுத்த பெண்களில் பலர் உயிரோடுகூட இல்லை. அவர்களிடம் சம்மதம் கேட்காமல் நோக்கத்தை மாற்றுவது எப்படிச் சரியாகும்? ஆண்கள் உள்ளே வந்தால் நிர்வாகமும் இடங்களும் மெல்ல அவர்கள் கைக்குப் போய்விடாதா?

மறுபக்க வாதமும் வலுவானது. கல்லூரியே மூடிவிட்டால் எந்தப் பெண்ணுக்கும் இடம் கிடையாது. கொடுத்தவர்களின் நோக்கம் இந்தியப் பெண்ணின் உயிர் காப்பது என்றால், கல்லூரி பிழைத்திருப்பதுதானே அந்த நோக்கத்துக்கு விசுவாசம்?

இரண்டு பக்கமும் ஐடாவை இழுத்தது. கடைசியில் அவர் இருபாலர் கல்லூரியின் பக்கம் நின்றார். அதன் விலை, இருபது வருடத்துக்கு மேல் தோளோடு தோள் நின்ற லூசியின் ஆதரவு. 1947-ல் எம்பிபிஎஸ் வகுப்பில் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

யார் சரி? இதற்கு ஒற்றை வரிப் பதில் இல்லை. ஒரு அமைப்பு வளரும்போது, அதைத் தொடங்கிவைத்தவர்களின் ஆசையும் அமைப்பின் தேவையும் என்றாவது ஒருநாள் பிரியும். அதை மறைத்து இரண்டு தரப்புக்கும் இனிப்பாகப் பேசுவது ஒரு வழி. முடிவை வெளிப்படையாகச் சொல்லி, கோபித்துக்கொள்பவர்களின் கோபத்தையும் ஏற்பது இன்னொரு வழி. ஐடா இரண்டாவதைச் செய்தார்.

ஐடா இல்லாத வேலூர்

நன்கொடை உறவுக்குக் கடைசிச் சோதனை நிறுவனர் விலகும்போது வரும். மக்கள் காசு கொடுத்தது ஐடாவுக்கா, வேலூருக்கா? 1946-ல் அவர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இந்தியப் பெண் மருத்துவர்களை உருவாக்கணும் என்று கேட்டுத் திரட்டிய பணத்துக்கு, ஒரு இந்தியப் பெண் மருத்துவரே கல்லூரியை வழிநடத்தியதைவிட நேரான கணக்கு வேறு இருக்க முடியாது. வெளிநாட்டுச் சபைகளின் ஆதரவும் ஐடாவோடு நின்றுவிடவில்லை.

1960 மே மாதம் கொடைக்கானலில் 89 வயதில் ஐடா காலமானார்.

ஷெல் கட்டிக்கொடுத்த மருத்துவமனை இன்று சிஎம்சியின் கண் மருத்துவமனை. 120 வருடம் கடந்தும் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. 2022-ல் ராணிப்பேட்டை அருகே சிஎம்சியின் பெரிய புதிய வளாகம் திறக்கப்பட்டது.

இன்று ஒரு நல்ல காரியத்துக்காக வாட்ஸ்அப் குழுவில் நிதி திரட்டுகிறவர்களும் ஐடாவிடமிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் உண்டு. தொடங்கிய காரணத்தை மறக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கணும். போன முறை கொடுத்த பணம் என்ன ஆனது என்பதை அடுத்த முறை கேட்பதற்கு முன்பே காட்டணும். திசை மாறும்போது, அதைக் கொடுத்தவர்களிடம் முதலில் சொல்லணும், அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. மூன்றில் கடினமானது கடைசி விஷயம்தான். ஐடா அதற்கு ஒரு தோழியை விலையாகக் கொடுத்தார்.